தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு வாசல் ஏன் அடியில்?

அந்தக் காலத்தில், பறவைகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தபோது, தூக்கணாங்குருவியும் ஊரோடு ஒத்து, ஆற்றங்கரைக் கோரைப் புல்லில் கிண்ணம் போலத்தான் கூடு கட்டியது.

அப்படி ஒரு குருவி தங்கப்பன். மனைவி அஞ்சலை. முதல் ஈட்டில் மூன்று குஞ்சுகள். அடுத்த ஈட்டுக்கும் அவளுக்கு நேரம் நெருங்கியிருந்தது. ஆடிப்பெருக்கு அன்று ஊர்ப் பிள்ளைகள் பூவும் ஓலையும் சுற்றிய குட்டிச் சப்பரங்களை ஆற்றுக்கு இழுத்துப் போனதைக் குஞ்சுகள் பார்த்துவிட்டன.

"அப்பா, நமக்கும் சப்பரம் வேணும்!"

"அம்மாவைத் தொந்தரவு பண்ணாம வாங்க" என்று தங்கப்பன் அவர்களைக் கரையோரப் பனைமரத்துக்குக் கூட்டிப்போனான். நாணல் இலையைக் கிழித்து நார் எடுத்துக் கொடுத்தான். மட்டையில் வைத்துப் பின்னினால் காற்று அள்ளிக்கொண்டு போனது. அதனால் முதல் நாரைத் தொங்கும் ஓலை நுனியில் முடிந்துவிட்டான். வினையே அதுதான். குஞ்சுகள் தலைகீழாகத் தொங்கிப் பின்னத் தொடங்கின.

"இது கூரை."

"போடா, இதுதான் அடிப்பக்கம்."

யார் சொல்வது சரி என்று தங்கப்பனுக்கும் தெரியவில்லை. ஒன்று ஈர மண்ணை உருட்டி உள்ளே அப்பியது.

"இது என்னம்மா?" என்று கேட்டான் தங்கப்பன்.

"சக்கரம்ப்பா."

"சக்கரம் உள்ள எதுக்கு?"

"வெளிய ஒட்டினா விழுந்துடுதே!"

அந்த வழியாக வந்த காக்கை நின்று பார்த்தது. "என்னடா தங்கப்பா, சுரைக்காயா?"

"சப்பரம்."

"இதை எப்படி இழுக்கறது?"

அவன் அலகால் நாரைக் கவ்வி இழுத்துப் பார்த்தான். அது ஊஞ்சல் மாதிரி ஆடியது.

அதற்குள் அஞ்சலை நனைந்த இறகோடு அலறிக்கொண்டு வந்தாள். "என்னங்க, கூடு போச்சு! புதுவெள்ளம் அடிச்சுட்டுப் போயிருச்சு. எனக்கு இப்பவே வலிக்குது. எங்க முட்டை வைப்பேன்?"

தங்கப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் சப்பரம் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறானே! அஞ்சலை அந்தத் தொங்கலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள்.

"இதுக்கு வாசல் எங்க?"

"கீழம்மா" என்றது கடைக்குட்டி.

"கீழ வாசல் வெச்சா உள்ள இருக்கறது விழாதா?"

அஞ்சலைக்கு வேறு வழியில்லை. அடிவழியாக நுழைந்தாள். உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்டா, ஓரமா ஒரு பை இருக்கே, அது எதுக்கு?"

"வெல்லம் போட்ட காப்பரிசி ஒளிச்சு வைக்க" என்றது கடைக்குட்டி, தலையைக் குனிந்து. "அண்ணன் புடுங்கித் தின்னுடுவான்."

உள்ளே அஞ்சலை சிரிப்பது கேட்டது. அந்தப் பையில்தான் அவள் முட்டையிட்டாள். கீழே வெள்ளம் சுழித்துக்கொண்டு போனது. முட்டைகள் நனையவில்லை, விழவுமில்லை.

"இனிமே இப்படியே கட்டுங்க" என்றாள் அவள். தங்கப்பன் குஞ்சுகளிடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டான். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி கூட்டை அந்தரத்தில் தொங்கவிட்டு, வாசலை அடியில் வைக்கிறது. உள்ளே ஏன் மண் அப்புகிறோம் என்று தெரியாமலே அப்புகிறது. பாதியில் நிறுத்தித் தலைகீழாகத் தொங்கியபடி, அந்தப் பிள்ளைகள் இதை எப்படித்தான் செய்தார்கள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.