வெளிவாசல் நாற்காலி

சுடலைமணிக்கு முதல்முதலாகப் பயம் வந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் பயம் என்ற ஒன்று அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நம்பினால் நம்புங்கள்.

பத்தொன்பது வருஷம் ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்ற மனுஷன். டாக்டர் எழுதிய சீட்டை அவர் படிக்கமாட்டார், பார்ப்பார். பார்த்த மாத்திரத்தில் கை அலமாரிக்குப் போய்விடும். மருந்துப் பேரைவிட அட்டையின் நிறம்தான் அவருக்குப் பழக்கம். சுவரில் முதலாளியின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். முதலாளி வேறெங்கேயோ இருப்பார். மருந்து கொடுப்பது இவர் கை, பேர் அவர் பேர். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அடித்துப் போட்டமாதிரித் தூக்கம் வரும்.

முதலாளி கடையை மூடிவிட்டுப் போனபிறகு இவருக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. நாமே படிப்போம், நம்ம பேரிலேயே கடை வைப்போம். முப்பத்தெட்டு வயதில் போய் பார்மசி காலேஜில் சேர்ந்தார். கூடப் படித்த பிள்ளைகள் மாமா என்று கூப்பிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டு கடைசி வருஷம்வரைக்கும் வந்துவிட்டார்.

இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் பயிற்சி. அங்கே தலைமை மருந்தாளுநர் ஜுலைகா மேடம். சுடலைமணியைவிட ஏழு வயது சின்னவர். பயிற்சிப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் பார்மசி கவுன்சிலில் பேரைப் பதியமுடியும். பேர் பதிந்தால்தான் கடை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவர் மனைவி உலகம்மாள் சந்தோஷத்தில் ஒரு வேலை செய்தாள். கடைக்குப் போர்டு எழுதி வாங்கி வந்துவிட்டாள். அதில் கீழே, "பதிவு பெற்ற மருந்தாளுநர்: ச. சுடலைமணி" என்று இருந்தது.

அதைப் படித்ததும் சுடலைமணி போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அன்றைக்கு வந்த பயம்தான்.

அந்த மருந்தகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தை மூன்று தடவை பார்க்கவேண்டும். எடுக்கும்போது, லேபிள் ஒட்டும்போது, கையில் கொடுக்கும்போது. சுடலைமணி ஒன்பது தடவை பார்க்க ஆரம்பித்தார். சத்து மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கொடுத்தபிறகு ஆளைக் கூப்பிட்டுத் திரும்ப வாங்கிப் பார்த்தார். வரிசை வாசலைத் தாண்டிப் போனது.

"மருந்து குடுக்காரா, பொண்ணு பாக்காரா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

சுடலைமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, கண்ணைச் சுற்றிக் கருப்பு விழுந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் வெளிநோயாளிகள் எல்லாரும் போனபிறகு மேடத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"மேடம், படிக்காத காலத்துல எனக்குப் பயமே கிடையாது. படிச்சபொறகு இப்படி நடுங்குதேன். இது எந்த ஊரு நியாயம்?"

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"எதுக்குப் பயப்படுறீங்க?"

"தப்பாக் குடுத்து ஒரு உசுரு போயிட்டா? போர்டுல என் பேருல்லா இருக்கும். எங்க உலகம்மா எழுதியே வாங்கிட்டு வந்துட்டா."

"ம்."

"உங்களையும் பாக்கேன். பெரிய டாக்டருக்கே போனப் போட்டு, இந்த டோஸ் கூடுதல், மாத்துங்கன்னு சொல்லுதீங்க. பயமே இல்லாம எப்படி மேடம் வேலை பாக்கீங்க? அந்த வித்தைய மட்டும் எனக்குச் சொல்லிக் குடுங்க. இல்லைன்னா இந்தப் படிவத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, எவன் கடையிலயாவது பழையபடி நின்னுக்கிடுதேன்."

மேடம் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்தார்.

"நாளைக்கு ஒருநாள் பயப்படாம வேலை பாருங்க" என்றார்.

"அது எப்படி முடியும்?"

"பழைய கடையில எப்படி நின்னீங்களோ அப்படியே நில்லுங்க. நாளைக்கு அந்தக் கவுண்டர்ல என்ன நடந்தாலும் என் பேர்ல. உங்க பேர் எங்கேயும் வராது. ரிஜிஸ்டர்ல இப்பவே எழுதிடுறேன்."

சொன்னபடியே எழுதி, கையெழுத்தும் போட்டுக் காட்டினார். சுடலைமணி அதை இரண்டு தடவை படித்தார். முதுகிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது.

மறுநாள் காலையில் அவரைப் பார்த்திருக்கவேண்டும். சீட்டை வாங்கினார், பார்த்தார், கை போனது, மருந்து வந்தது. லேபிள் எழுதினார், ஒட்டினார், கொடுத்தார். "ரெண்டு வேளை, சாப்ட்டபொறகு. அடுத்தாளு வாங்க." பத்தொன்பது வருஷத்துப் பழைய கை திரும்பி வந்துவிட்டது. கிழவிகளிடம் கிண்டல் பேசினார். அழுத பிள்ளைக்கு விசிலடித்துக் காட்டினார். பதினோரு மணிக்கு வடையும் டீயும் இறங்கின.

மேடத்தின் இடம் மட்டும் காலையிலிருந்து காலியாகக் கிடந்தது. அங்கே போட்டிருந்த நாற்காலியையும் காணவில்லை. ஏதாவது மீட்டிங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு முன்னாலேயே வரிசை தீர்ந்துவிட்டது. அப்படி அந்த மருந்தகத்தில் நடந்ததே இல்லை. சுடலைமணி கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மேடம் வந்ததும் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மேடம் வந்தார். ஒரு கையில் நாற்காலியை இழுத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஒரு மருந்து பாட்டிலோடு.

"இது யார் எழுதின லேபிள்?"

சுடலைமணி வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். தர்ஷிகா, பதினோரு மாதம். ஐந்து மில்லி, நான்கு வேளை, மூன்று நாள். காய்ச்சல் சிரப்.

"நான் எழுதுனதுதான். சரியாத்தான இருக்கு?"

"பாட்டிலைத் திருப்புங்க."

திருப்பினார். இருநூற்றைம்பது என்று இருந்தது.

மேடம் சீட்டை மேசைமேல் வைத்தார். அதில் நூற்றிருபத்தைந்து என்று இருந்தது.

ஒரே கம்பெனி, ஒரே அளவு பாட்டில், அதே ஆரஞ்சு நிற அட்டை. மருந்தின் வீரியத்தைக் காட்டும் எண் மட்டும்தான் வேறு. பெரிய பிள்ளைகளுக்கான மருந்து அது. பதினோரு மாதப் பிள்ளைக்கு அதில் ஐந்து மில்லி கொடுத்தால் ஒவ்வொரு வேளையும் இரண்டு பங்கு. நான்கு வேளை, மூன்று நாள். ஈரல் என்ன ஆகும் என்று போன மாதப் பரீட்சையில் சுடலைமணியே ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ள எங்க மேடம்?"

"வீட்டுக்குப் போயிடுச்சு. சரியான மருந்தை மாத்திக் கொடுத்துட்டேன்."

"நீங்களா? எங்க வச்சு?"

"வெளிவாசல்ல. காலையில எட்டு மணிக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுட்டேன்."

"இந்தப் பிள்ளைய மட்டும் எப்படிப் பிடிச்சீங்க?"

"எல்லாரையும் நிறுத்தித்தான் பார்த்தேன். இருநூத்திப் பதினாலு பேர். ஒவ்வொருத்தர் பையையும் பிரிச்சேன்."

சுடலைமணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரேக்கைப் பிடிக்கப் போய் அட்டைப்பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

அந்தப் பழைய கடை அவர் ஞாபகத்துக்கு வந்தது. கவுண்டர், அதற்கப்பால் மூன்று படி, அப்புறம் ரோடு. பத்தொன்பது வருஷமாக எத்தனையோ பேர் மருந்தை வாங்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்கிப் போனார்கள். எத்தனை கைப்பிள்ளைகள். அந்தப் படியில் நாற்காலி போட்டு யாரும் உட்கார்ந்ததில்லை. திரும்ப வராத முகங்கள் ஒன்றிரண்டு இருந்தன. வேறு கடைக்குப் போயிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டார். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். மடிப்பில் வியர்வை ஊறியிருந்தது. மேசைமேல் வைத்தார்.

"எனக்கு இது வேண்டாம் மேடம். நான் இதுக்கு லாயக்கில்ல. ஒருநாள் பயமில்லாம நின்னதுக்கு ஒரு பச்சப்புள்ள போகப் பாத்துச்சு. இப்ப முன்னயவிட பத்து மடங்கு பயமா இருக்கு."

"அப்படியா?"

"பொய் சொல்லுவேனா? கையப் பாருங்க."

மேடம் அவர் கையைப் பார்த்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார். மை காயட்டும் என்று ஓரமாக வைத்தார்.

சுடலைமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன மேடம் இது?"

"உலகம்மாக்காகிட்ட போர்டை மாட்டச் சொல்லுங்க."

அவர் போகாமல் அங்கேயே நின்றார். வெளிவாசலில் வெயில் நேராக விழும் என்பது அவருக்குத் தெரியும். மேடத்தின் கழுத்தும் புறங்கையும் கன்றிச் சிவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். நான் தப்புப் பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உள்ளயே என் பக்கத்துல நின்னுருக்கலாம். தெரியலைன்னா உங்க எடத்துலயே உக்காந்திருக்கலாம். அஞ்சு மணி நேரம் அந்த வெயில்ல எதுக்கு மேடம் உக்காந்தீங்க?"

ஜுலைகா மேடம் சரிந்து கிடந்த பெட்டியை எடுத்து ரேக்கில் வைத்தார். வைத்துவிட்டு அதில் எழுதியிருந்த எண்ணை ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"பயமா இருந்துச்சு, அண்ணாச்சி."