அரச மேனி தீண்டிய தேள்

ராஜாவின் வாயில் வந்ததெல்லாம் சட்டமாக இருந்த காலம் அது. ஒரு நாட்டு மகாராஜா காலையில் சிம்மாசனத்தில் அமர்ந்த வேகத்தில் "ஐயோ!" என்று எகிறிக் குதித்தார். மெத்தைக்குள் இருந்த தேள் அவரைப் பின்புறத்தில் கொட்டிவிட்டது. வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். எங்கே கட்டினார் என்று சபையில் யாரும் கேட்கவில்லை. சிரிப்பை அடக்குவதே அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"இந்த அரண்மனையில் ஒரு தேள்கூட இருக்கக் கூடாது!" என்று கர்ஜித்தார் ராஜா, நின்றபடியே.

பண்டகசாலை அதிகாரி செண்பகராமர் முன்னால் வந்தார். அரசவை விகடகவி வயிரவனைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, எல்லாவற்றுக்கும் வழி தெரிந்தவர் நம் வயிரவன்தானே? அவரிடமே ஒப்படையுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால், தேள்களோடு அவரையும் ஒரே அறையில் அடைத்துவிடலாம்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. கடுப்பில் இருக்கும் ராஜாவுக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான்.

வயிரவன் அரண்மனையைச் சுற்றிப் பார்த்தான். கூடமெல்லாம் குப்பை. ராஜாவின் பாட்டனார் போட்ட செருப்பு, கொள்ளுப்பாட்டனார் படுத்த பாய், கிழிந்த மெத்தைகள், கால் ஒடிந்த பல்லக்கு. எதைத் தூக்கினாலும் அடியில் தேள் குடும்பத்தோடு இருந்தது.

"இதையெல்லாம் கொளுத்தினால் தேள் ஒழிந்துவிடும்" என்றான்.

செண்பகராமர் காதைப் பொத்திக்கொண்டார். "அரச மேனி தீண்டிய பொருள்! அழித்தாலும் சரி, வெளியே எறிந்தாலும் சரி, சிரச்சேதம். பத்திரமாகக் காப்பது என் பொறுப்பு. பரம்பரை வழக்கம், ஐயா!"

வயிரவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். குப்பையைத் தொட்டால் தலை போகும். தொடாவிட்டால் தேளோடு குடித்தனம். தளர்ந்துபோய் வாசல்வரை நடந்தவன், அதிகாரி சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தான். சட்டென்று சிரித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மேளம் முழங்க, ஒருவன் குடை பிடிக்க, வெள்ளித் தட்டில் மூடிய பானையோடு வயிரவன் சபைக்குள் வந்தான். பின்னால் வேலையாட்கள் பானை பானையாகச் சுமந்து வந்தார்கள். பார்த்தவர்கள் கல்யாணச் சீர் என்றே நினைத்தார்கள்.

"தேள்களைக் கொன்றாயிற்றா?" என்றார் ராஜா.

"அபசாரம், பிரபு! எல்லாவற்றையும் உயிரோடு பிடித்து இந்தப் பானைகளில் வைத்திருக்கிறேன். இவற்றில் ஒன்று தங்கள் திருமேனியைத் தீண்டியிருக்கிறது. வழக்கப்படி அதை அழிக்கவும் கூடாது, எறியவும் கூடாது. எது தீண்டியது என்று தங்களுக்கு அடையாளம் தெரியுமா?"

"நான் என்ன, திரும்பியா பார்த்தேன்?"

"அப்படியானால் எல்லாவற்றையும் காக்க வேண்டியதுதான். காப்பவர் செண்பகராமர். அவர் படுக்கையறையில் பானைகளைத் திறந்துவிட்டால் பத்திரமாக இருக்கும்" என்று சொல்லி, வயிரவன் மூடியை லேசாகத் தூக்கிக் காட்டினான்.

செண்பகராமர் தூணில் ஏறாத குறை. "மகாராஜா! அந்த வழக்கமே வேண்டாம்! பாய், செருப்பு, பல்லக்கு எல்லாவற்றையும் இன்றைக்கே கொளுத்திவிடலாம்!"

"பரம்பரை வழக்கம், ஐயா!" என்றான் வயிரவன்.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்தால் கொட்டிய இடம் வலித்தது. அதைப் பிடித்துக்கொண்டே, "அந்த வழக்கம் இன்றோடு ஒழிந்தது, கொளுத்துங்கள்!" என்று சிரித்தார். சாயங்காலத்துக்குள் குப்பையும் பானைகளில் இருந்த தேள்களும் ஒரே நெருப்பில் சாம்பலாயின.

மகிழ்ந்துபோன ராஜா, தம் தோளிலிருந்த சரிகைப் பொன்னாடையை எடுத்து வயிரவனுக்குப் போர்த்த வந்தார். வயிரவன் சட்டென்று பின்வாங்கினான்.

"நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள், மகாராஜா!"