பதினெட்டடிக் கொக்கு

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்கப் போகிறேன். ஆகவே இப்போதே யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

தெற்கே, மலைக் கணவாய் வழியாகக் காற்று ஓயாமல் பாய்கிற ஊர் ஆலடிவிளை. ஊருக்கு வெளியே இருந்த பொட்டலில் ஒரு சிற்ப முகாம் நடந்தது. வந்தவர்கள் ஆறு வாரம் அங்கேயே தங்கி, வெயிலிலும் மழையிலும் நிற்கக்கூடிய பெரிய சிற்பம் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும். முகாமை நடத்திய ஜைனப் அம்மாள் முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். கடைசி நாளில் ஊரார் வாக்களிப்பார்கள். வென்ற சிற்பம் அந்தப் பொட்டலிலேயே என்றைக்கும் நிற்கும். அதை உருவாக்கியவர் அடுத்த ஆண்டு முகாமுக்குத் தனி ஆளாக வந்து விரும்பியதைச் செய்யலாம். ஒரு சிற்பம், ஒரே ஆள். பங்கு போடுவது கிடையாது.

வந்த ஆறு சிற்பிகளில் நமக்கு இருவர் போதும். மார்த்தாண்டத்துப் பிரிசில்லா இரும்பில் வேலை செய்பவள். ஓய்வுபெற்ற காற்றாலைகளின் தகடுகளை வெட்டி, இறக்கை விரித்த ஒரு கொக்கைச் செய்தாள். பதினெட்டு அடி உயரம். திருவண்ணாமலையிலிருந்து வந்த மருதவாணன் கல் சிற்பி. பன்னிரண்டு டன் கருங்கல்லில் படுத்திருக்கும் எருமையைச் செதுக்கினான். அதன் முதுகை மட்டும் பத்து நாள் தேய்த்து மெருகேற்றினான். மழை பெய்தால் அந்த முதுகில் தண்ணீர் வழுக்கி ஓட வேண்டும் என்பது அவன் ஆசை.

இருவருக்கும் பேச்சு வார்த்தை நன்றாகவே இருந்தது. ஆனால் சாப்பிடும்போதுகூட அவள் எருமையைப் பார்க்க மாட்டாள். அவன் கொக்கைப் பார்க்க மாட்டான். போட்டி அப்படி.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் இருக்கையில் கொக்கை நிமிர்த்தினார்கள். காற்று இறக்கையைப் பிடித்துக்கொண்டு உலுக்கியது. பார்க்க வந்த பொறியாளர் தலையை ஆட்டினார்.

"இது நிக்கணும்னா கீழ பெரிய கான்கிரீட் மேடை போடணும். அது இறுக இருபது நாளாவது ஆகும்."

பிரிசில்லா கொக்கின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது கிரேனிலிருந்து இறங்கி வந்தார் இசக்கியப்பன். இருபது வருடமாகக் காற்றாலைகளுக்கு இறக்கை ஏற்றுகிறவர். முகாமுக்குக் கல் தூக்க வாடகைக்கு வந்திருந்தார். கொக்கைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார், சிரித்தார்.

"என்னத்துக்கு மேடை? எருமை கெடக்க எடத்துல கொக்கு வேற எங்க போயி நிக்கும்?"

எல்லோரும் மருதவாணனைத் திரும்பிப் பார்த்தார்கள். கொக்கின் கால்களை ஊன்ற எருமையின் முதுகில் ஆழமான துளைகள் போட வேண்டும். மெருகேறிய அந்த முதுகு போய்விடும். பிறகு எருமை தனிச் சிற்பமாகப் போட்டியிடவும் முடியாது.

அவன் எருமையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு சாக்கட்டி எடுத்துத் தானே புள்ளி வைத்தான்.

"வேற யாரும் கை வெக்காதீங்க. நானே போடறேன்."

காற்று சற்று அடங்கும் விடியற்காலையில் இசக்கியப்பன் கொக்கைத் தூக்கினார். துளைகளில் பசை ஊற்றி, இரும்பு முளைகளை இறக்கினார்கள். மறுநாள் அது இறுகிவிட்டது. காற்று அடித்தது. கொக்கு அசையவில்லை. வயலில் தினமும் பார்க்கிற காட்சி, மலையை மறைக்கிற உயரத்தில் நின்றது. கிழவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

வாக்கெடுப்பில் தங்களுக்குப் பிடித்த சிற்பத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் போடச் சொன்னார்கள். முக்கால்வாசிச் சீட்டில் ஒரே விடை. யாரும் "கொக்கு" என்று எழுதவில்லை, "எருமை" என்றும் எழுதவில்லை. "எருமை மேல் கொக்கு" என்றே எழுதியிருந்தார்கள்.

உருவாக்கியவர் யார் என்று ஜைனப் அம்மாள் கேட்டார்.

"கொக்கு இல்லன்னா அது ஊருல கெடக்குற நூறு எருமையில ஒண்ணு" என்றாள் பிரிசில்லா.

"எருமை இல்லன்னா உங்க கொக்கு தரையில கெடக்கும். என் சிற்பத்தையே நான் விட்டுக் குடுத்திருக்கேன்" என்றான் மருதவாணன்.

கூட்டத்திலிருந்து டீக்கடை செல்லக்கனி எழுந்தாள். "ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான். ஆனா அதுமேல இத வச்சது எங்க அண்ணாச்சில்லா?"

ஊரே சிரித்தது. இசக்கியப்பன் சிரிக்கவில்லை. துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஆசப்படுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. இருபது வருசமா அடுத்தவங்க காட்டுன எடத்துலதான் தூக்கி வச்சிருக்கேன். இது ஒண்ணுதான் எனக்காத் தோணி வச்சது."

ஒருத்தி செய்த கொக்கு. ஒருவன் இழந்த எருமை. ஒருவருக்குத் தோன்றிய யோசனை. இருப்பதோ ஓர் இடம். சொல்லுங்கள், அது யாருக்குப் போவது சரி?

*

விடை: இசக்கியப்பனுக்கு. பிரிசில்லாவின் உழைப்பு பெரியது. மருதவாணனின் மனம் அதைவிடப் பெரியது. ஆனால் பரிசு உழைப்புக்கும் தியாகத்துக்கும் அறிவிக்கப்படவில்லை, வென்ற சிற்பத்தை உருவாக்கியவருக்கு அறிவிக்கப்பட்டது. ஊரார் சீட்டில் எழுதிய மூன்று சொற்களில் கொக்கு அவளுடையது, எருமை அவனுடையது. இரண்டையும் ஒரே சிற்பமாக்கியது நடுவில் நிற்கும் "மேல்". அது இசக்கியப்பனுடையது. ஜைனப் அம்மாளும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார். மற்ற இருவரும் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஊருக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு முகாம் தொடங்கி நான்காம் நாள் இருவருக்கும் ஒரே மாதிரி போன் வந்தது: "மனசுல ஒண்ணு கெடந்து முட்டுது, எனக்கு இரும்பும் வெட்டத் தெரியாது, கல்லும் கொத்தத் தெரியாது. செத்த வாங்களேன்." ஆளுக்கொரு பேருந்தில் ஏறி, இருவரும் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.