இடது பக்கத்து பிரேக்

மாரித்தங்கம் மாஸ்டரிடம் கேள்வி கேட்டு யாரும் பதில் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. பதிலுக்கு ஒரு வேலைதான் கிடைத்திருக்கிறது. மேட்டில் வண்டி ஏன் பின்னால் உருள்கிறது என்று கேட்ட ஒருவரை, வெயில் தாழும்வரை அதே மேட்டில் நிறுத்தி நிறுத்தி எடுக்க வைத்தவர் அவர். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர் ஆணோ பெண்ணோ, ஊருக்கு மாஸ்டர்தான். மாரித்தங்கம் பெண்; முப்பத்தைந்து வயது இருக்கும்.

இதெல்லாம் தெரிந்தும் பூவலிங்கம் ஒரு கேள்வியோடு வந்து நின்றார். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேலை பார்த்த ஸ்பின்னிங் மில் மூடிய பிறகு, தலை நரைக்கிற வயதில் இதே மாஸ்டரிடம் ஸ்டியரிங் பிடிக்கப் பழகியவர். இப்போது கோயில் கோயிலாக ஆட்களை ஏற்றிப்போகும் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். இப்போது என்றால், போன மாதம் வரை.

"மாஸ்டர், நாளைக்கு ஆர்.டி.ஓ. முன்னால நிக்கணும். லைசென்ஸை ஏன் சஸ்பெண்ட் பண்ணக்கூடாதுன்னு விளக்கம் கேட்டிருக்காங்க."

"ம்."

"பைபாஸ்ல வச்சு, குடிச்சிட்டு ஓட்டுனேன்னு பிடிச்சாங்கல்லா, அதுக்குத்தான். விடிய விடிய ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டாங்க. கோர்ட் கேஸ் அது பாட்டுக்குத் தனியா நடக்கு. ஆனா லைசென்ஸ் போச்சுன்னா ஐயப்பன் சீசன் போச்சு. ஓனர் சாவியை வேற ஆள்கிட்ட குடுத்துருவாரு. குடுத்த சாவி அப்புறம் என் கைக்கு வராது."

மாஸ்டர் எல் போர்டு மாட்டிய காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"வக்கீல் ரெண்டு பாயிண்ட் சொல்லியிருக்காரு. ஒண்ணு, எனக்கு முன்னால ஊதினவன் வாய் வச்ச குழாயிலேயே என்னையும் ஊதச் சொன்னாங்க. மாத்தவே இல்ல."

"நெசமாவா?"

"சத்தியமா மாஸ்டர்."

"அப்ப அதை அங்க சொல்லுங்க அண்ணாச்சி. கட்டாயம் சொல்லணும். ரெண்டாவது?"

"ரெண்டாவது நீங்க. இவர் நல்லா ஓட்டுற ஆளுன்னு, சொல்லிக்குடுத்த மாஸ்டரே வந்து சொன்னா எடுபடும்ங்காரு."

"குடிச்சீங்களா?"

பூவலிங்கம் காதைச் சொறிந்தார். "கல்யாணப் பார்ட்டியை மண்டபத்துல இறக்கிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விடல. குடிச்சேன். ஆனா வரும்போது வேன் காலி மாஸ்டர்."

பாவம், மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. வக்கீலுக்கே அதில்தான் பெரிய கவலை.

பூவலிங்கம் இப்போது கேட்க வந்ததைக் கேட்டார். "ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல. கேஸுக்காகக் கேக்கல, எனக்காகக் கேக்கேன். அன்னைக்கு அவ்வளவு தூரமும் நான் நல்லாத்தான் ஓட்டுனேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு ஆள் மேல படல. ஒரு கோழி சாகல. அப்படின்னா நான் செஞ்ச தப்புதான் என்ன?"

இதை அவர் ஏற்கெனவே வீட்டில் கேட்டிருந்தார். மனைவி கரண்டியை ஓங்கினாள். வக்கீலிடம் கேட்டார். நாளைக்கு அங்கே போய் இதை மட்டும் கேட்டுத் தொலைத்துவிடாதீர்கள் என்று வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் கேள்வி அவரை விடவில்லை.

மாஸ்டர் துணியை உதறி மடித்தார். "செண்பகராஜ் சார் கிளாஸுக்கு வாராரு. கூட வந்து உக்காருங்க."

"பின்னாலயா?"

"முன்னால. என் சீட்ல."

பூவலிங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. சாட்சி சொல்வதற்கு முன்னால் என் காலை ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறாரோ? அப்படியென்றால் ஜெயித்துவிடலாம். உற்சாகமாகவே ஏறி உட்கார்ந்தார். மாஸ்டர் பின் சீட்டுக்குப் போனார்.

செண்பகராஜ் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு அதற்குப் பிறகு ஓட்டப் பழக வந்தவர். நல்ல மனிதர், வாய்தான் மூடாது.

"மெயின் ரோடு வேண்டாம் சார். மில்லுக்குள்ளயே ஒரு சுத்து," என்றார் மாஸ்டர்.

மூடிக் கிடக்கும் மில்லின் உள் ரோடு அது. குறுக்கு வழியாகப் போகிற ஆட்களும் மேய்கிற ஆடுகளும்தான் உண்டு. கேட்டைத் தாண்டியதும் செண்பகராஜ் அவியல் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அவியலுக்குத் தேங்காயை நைசா அரைச்சாப் போச்சு அண்ணாச்சி. ஒண்ணும் பாதியுமா நசுக்கணும். நம்ம பயலுக கிரைண்டர்ல போட்டு..."

கிரைண்டரைக் காட்ட ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். குடோன் திருப்பத்தில் ஒரு அம்மா தலையில் விறகுக்கட்டோடு குறுக்கே வந்துகொண்டிருந்தாள். செண்பகராஜின் கண் தேங்காயில் இருந்தது.

பூவலிங்கத்தின் கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. வண்டி அடங்கியது. விறகுக்காரி நிதானமாகக் கடந்து போனாள்.

"...நைசாக்கிடுதானுக. அப்புறம் அது கூட்டுதான், அவியல் இல்ல."

செண்பகராஜ் தன் பாட்டுக்கு ஓட்டினார். எதிரே சைக்கிளில் வந்த பெரியவருக்காக இன்னொரு முறை பூவலிங்கத்தின் இடது கால் கிளட்சுக்கும் வலது கால் பிரேக்குக்கும் ஓடின. ஓரத்தில் நின்ற ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளிக் குதித்தபோது பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டே மிதித்தார். மாஸ்டர் ஏதாவது சொல்வாரோ என்று திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வெளியே வேப்பமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்கள். செண்பகராஜ் இறங்கியதும் போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, மில்லு பூரா ஒரு ரவுண்டு அடிச்சிட்டேன்! மாஸ்டரு பின்னால சும்மாதான் இருந்தாங்க. ஒரு இடத்துல தடுமாறணுமே! ஞாயித்துக்கிழமை உங்க அம்மா வீட்டுக்கு நம்ம கார்லயே போறோம், பாரு."

பேசிக்கொண்டே போய்விட்டார். பூவலிங்கம் இறங்கவில்லை. கால் இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது.

"என்ன மாஸ்டர், இந்த மனுஷன் இப்படிப் பொய் சொல்லிட்டுப் போறாரு?"

"பொய் இல்ல அண்ணாச்சி. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்."

"விறகு கொண்டுவந்த அம்மாவை அவரு பாக்கவே இல்லையே!"

"ஆமா. அதான் அவருக்கு ஞாபகமும் இல்ல."

பூவலிங்கம் அன்றைய பைபாஸ் ரோடு முழுவதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். நேரான ரோடு. காலியான ரோடு. ஒரு ஆளைக் கூடக் காணோம். கல்யாண சீசனில், அந்த நேரத்தில், அந்த பைபாஸ் எப்படிக் காலியாக இருந்தது? முதல் முறையாக அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது.

மாஸ்டர் இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"நாளைக்கு வருவீங்களா மாஸ்டர்?"

"வாரேன். பழகும்போது நல்லா ஓட்டுனீங்க. அதைச் சொல்லுதேன்."

"அன்னைக்கு ஓட்டுனது?"

"அன்னைக்கு நான் வண்டியில இல்லையே அண்ணாச்சி. ரோட்டுல உங்களுக்காக பிரேக் போட்டவங்க யார் யாரோ, அவங்களையும் தேடிக் கூட்டிட்டு வாங்க. சேந்து நின்னு சொல்லுதோம்."