பேரீச்சம்பழத்துக்குப் போகாத சைக்கிள்

வாட்டி, போர்வைக்குள்ள வா. காலை மடக்கு. பெரியம்மா கதை சொல்லுதேன், ஆனா நீ 'ம்' கொட்டிக்கிட்டே இருக்கணும். 'ம்' நின்னுச்சுன்னா கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு சைக்கிள் இருந்துச்சாம். ராசா இல்லையான்னு கேக்காத. ராசா கதையெல்லாம் உங்க அப்பாகிட்ட கேட்டுக்க, எனக்குச் சைக்கிள் கதைதான் தெரியும். அந்தச் சைக்கிள் என்ன உசரம்ங்கற! ஒரு நெட்டை வாத்தியார் ஓட்டுன சைக்கிள் அது. அவரு மாத்தலாகிப் போகும்போது வித்துட்டுப் போயிட்டாரு. யாரு வாங்கினா? ஊருக்குள்ளயே ரொம்பக் குட்டையா ஒருத்தி இருந்தாளே, முத்துப்பேச்சி, அவ வாங்கினா! சிரிக்காதட்டி, சிரிச்சா வந்த தூக்கமும் ஓடிப் போயிரும்.

பேச்சி அதுக்கு நெட்டையன்னு பேரு வச்சா. கண்ணு முழிச்சதும், "என்னடா நெட்டையா, நல்லாத் தூங்குனியா?"ன்னு கேப்பா. அது பேசுமா? பேசாது. ஆனா அதோட பெல்லு லூசு. பள்ளம் வந்தா 'ட்ரிங்'ங்கும், மேடு வந்தா 'ட்ரிங்'ங்கும், சும்மா தொட்டாலும் 'ட்ரிங்'தான். "நீ சொன்னாச் சரிதான்டா"ம்பா பேச்சி. தேங்காய் எண்ணெய் போட்டுச் செயினைத் துடைப்பா. ஆயுத பூசைக்கு அதைக் குளிப்பாட்டி, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, ஹேண்டில் பார்ல பூ சுத்தி வைப்பா. கட்டின புருசனுக்குக்கூட அவ அப்படிச் செஞ்சதில்ல.

ம்? ஆங், முழிச்சிருக்க.

அப்புறம், பேச்சிக்கு வேலை என்னன்னா, விடியக்காலையில இடியாப்பம் அவிச்சு, பெரிய சட்டியில ஈரத்துணி போட்டு மூடி, கேரியர்ல வச்சுக் கட்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் விக்கிறது. ஆனா ஒரு சங்கடம். சைக்கிள்ல உக்காந்தா அவ காலு தரைக்கு எட்டாது. அதனால வீட்டு வாசல்ல ஒரு பழைய உரலைக் கவுத்துப் போட்டிருந்தா. அதுல ஏறி நின்னுதான் நெட்டையன் மேல ஏறுவா. திரும்பி வந்து அதுல காலை ஊணித்தான் இறங்குவா. யாவாரம் பண்ற தெருவுல யாரு வீட்டுப் படியிலயாவது ஒரு காலை ஊணிக்குவா. படி இல்லாத எடத்துல இறங்கவே மாட்டா. இறங்கினா அப்புறம் யாரு ஏத்தி விடுறது?

சரி, ரயில்வே கேட்டு மூடியிருந்தா என்ன செய்வா? அங்க படியும் கிடையாது, கல்லும் கிடையாது. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்னா, கேட்கீப்பர் "கையை எடு, கையை எடு"ன்னு சத்தம் போடுவாரு. அப்போ பேச்சி ஹேண்டிலை இந்தப் பக்கம் ஒரு ஒடி, அந்தப் பக்கம் ஒரு ஒடி, பெடலை லேசா ஒரு அமுக்கு, பிரேக்கை ஒரு பிடி, இப்படியே நெளிஞ்சு நெளிஞ்சு நின்ன எடத்துலயே நிப்பா. கூட்ஸ் வண்டி 'தடக்... தடக்... தடக்...'னு ஊர்ந்து போற வரைக்கும் கால் தரையில படாது. "விழுந்துராதடா நெட்டையா, இடியாப்பம் கொட்டிருச்சுன்னா நம்ம பொழப்பே போச்சு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. அவன் 'ட்ரிங்'ம்பான்.

இதையெல்லாம் ஊர்ல யாரு பாத்தா? அந்தக் கேட்கீப்பரைத் தவிர ஒருத்தரும் பாக்கலை. அவ புருசன் சண்முகையா அந்நேரத்துக்கு 'கொர்ர்ர்... கொர்ர்ர்'னு குறட்டை விட்டுக்கிட்டுக் கெடப்பான்.

அப்படி இருக்கையில சண்முகையா ஒரு மொபெட் வாங்கினான். 'டுபுடுபுடுபு'ன்னு ஊரைச் சுத்தினான். வாங்கினதுதான் தாமதம், நெட்டையனைப் பாத்தாலே அவனுக்கு எளக்காரம். "ஏ பேச்சி, இந்த ஒட்டடைக்குச்சியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவோம். இனிமே யாவாரத்துக்கு நான் கொண்டு போயி விடுதேன்"னான். "நீங்க என்னைக்கு விடியக்காலையில எந்திரிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா பேச்சி. அவனுக்கு மூக்கு மேல கோவம் வந்துருச்சு.

பேரீச்சம்பழத்துக்குப் போடுறதுன்னா, பழைய இரும்பைக் குடுத்தா தள்ளுவண்டிக்காரரு பதிலுக்குப் பேரீச்சம்பழம் நிறுத்துக் குடுப்பாரு. ஒரு சைக்கிளுக்கு எம்புட்டுப் பழம் கிடைக்கும்னு யோசிக்கிறியா? அடி வெக்கங்கெட்டவளே, அது நெட்டையன்டி!

அப்புறம் ஒரு நாள் பழக்காரரு வந்தாரு, 'டிங்கு டிங்கு'ன்னு மணி அடிச்சுக்கிட்டு. பேச்சி ஓடிப் போய் நெட்டையனை வைக்கப்போருக்குள்ள ஒளிச்சு வச்சுட்டா. "எங்கட்டி சைக்கிளு?"ன்னான் சண்முகையா. "நான் என்னத்தைக் கண்டேன்?"ன்னா பேச்சி. அந்த நேரம் பாத்து ஒரு கோழி போர் மேல ஏறி உள்ள தொப்புன்னு விழுந்துச்சு. 'ட்ரிங்!' "அது... அது பக்கத்து வீட்டுப் புள்ள வெளையாடுது"ன்னு சமாளிச்சுட்டா.

இன்னொரு நாள் வந்தாரு. அன்னைக்குப் பேச்சி உரல்ல ஏறி, நெட்டையன் மேல உக்காந்து, கோயிலைச் சுத்த ஆரம்பிச்சுட்டா. பின்னாலேயே பழக்காரரு வண்டியைத் தள்ளிக்கிட்டு ஓடினாரு. 'சர்ர்ர்'னு அவ போக, 'கடகடகட'ன்னு இவரு போக, கடைசியில அவருக்கு நாக்குத் தள்ளிருச்சு. "தாயி, என்னால முடியல"ன்னு வேப்பமரத்தடியில உக்காந்துட்டாரு.

மூணாவது தடவை வந்தது போகிப் பண்டிகை அன்னைக்கு. சண்முகையா உசாரா சைக்கிளைத் தூண்ல சங்கிலி போட்டுப் பூட்டி வச்சுட்டான். இனி ஒளிக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. பேச்சி ஓன்னு அழுதுட்டா. "அது இரும்பு இல்லைங்க. மழையில நனைஞ்சது நானும் அதுவும்தான். வெயில்ல காஞ்சது நானும் அதுவும்தான். எனக்குன்னு நானே வாங்கினது அது ஒண்ணுதானே"ன்னா.

அவனுக்கும் மனசுக்குள்ள என்னமோ செஞ்சுது. ஆனா வாசல்ல ஊரே கூடி நிக்குது, வீம்பை விட முடியுமா? "இறங்கத் தெரியாதவளுக்குச் சைக்கிள் எதுக்கு? காணும் பொங்கலுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைக்காங்கள்ல, அதுல ஜெயிச்சுக் காட்டு. ஜெயிச்சா சைக்கிள் உனக்கு. தோத்தா பழக்காரருக்கு"ன்னான். அந்த ரேஸ்ல கடைசியா வந்து சேர்றவங்களுக்குத்தான் பரிசு. கால் தரையில பட்டா அவுட்டு. இம்புட்டு உசரச் சைக்கிள்ல மெதுவாப் போனா பேச்சி தொபுக்கடீர்னு விழுந்துருவான்னு அவன் கணக்கு. கேட்டுப் பக்கம் ஒரு நாளாவது போயிருந்தா இப்படிச் சொல்லியிருப்பானா?

ம் சொல்லு. சத்தமாச் சொல்லு. சரி.

காணும் பொங்கலும் வந்துச்சு. ஒரே கூட்டம். மைக் செட்டு அலறுது. முதல் பரிசு ஒரு பெரிய எவர்சில்வர் குடம். பழக்காரரும் முடியிற கோட்டுப் பக்கத்துல தராசோட வந்து நின்னுட்டாரு. பெஞ்சு மேல ஏறிப் பேச்சி நெட்டையன்ல உக்காந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. 'பீப்!' விசில் அடிச்சாச்சு. ஒருத்தன் இந்தப் பக்கம் 'தொம்', ஒருத்தன் அந்தப் பக்கம் 'தொம்'. மிஞ்சினது பேச்சியும் பால்காரக் கொம்பையாவும்தான்.

அப்போ ஒரு ஆடு குறுக்க வந்து பேச்சியோட முந்தானையைக் கடிச்சுது. "ச்சூ, போ"ன்னு சொல்லிக்கிட்டே நெளிஞ்சா, விழலை. அப்புறம் கொம்பையா பக்கத்துல வந்து, "யக்கா, இன்னைக்கு இடியாப்பம் இல்லியா?"ன்னு வம்புக்கு இழுத்தான். சிரிப்பு வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டா, விழலை. அப்புறம் சண்முகையா நிக்கவும் முடியாம இருக்கவும் முடியாம மொபெட்டைப் போயி ஸ்டார்ட் பண்ண உதைச்சான். அது 'பட்டார்!'னு வெடிச்சுது. கூட்டமே துள்ளிருச்சு. பேச்சியோட நெட்டையன் அப்படியே சாயுது... சாயுது... பேச்சி மனசுக்குள்ள கேட்டு முன்னாடி போயி நின்னுக்கிட்டா. "கூட்ஸ் வண்டி போகுதுடா நெட்டையா. தடக்... தடக்... தடக்..." ஹேண்டிலை ஒரு ஒடி. நிமிந்துட்டான்! அங்க பாத்தா கொம்பையா 'தொபுக்'குனு காலை ஊணிட்டான்.

பேச்சி ஜெயிச்சுட்டா! விசில் பறக்குது. "இறங்கு பேச்சி, குடத்தை வாங்கு"ங்கிறாங்க. அவ இறங்கலை. கோட்டைத் தாண்டியும் சுத்திச் சுத்தி வாரா. "ஏட்டி, இறங்கேன்!" "எப்படி இறங்க? பெஞ்சு அந்தக் கோடியில கெடக்கு, உரலு வீட்டுல கெடக்கு!" ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது.

அப்போ சண்முகையா மொபெட்டை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். சைக்கிள் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, "என் தோள்ல காலை வச்சு இறங்கு"ன்னான். "ஐயையோ, உங்க மேல நான் காலை வைக்கவா?"ன்னா பேச்சி. "வைட்டி. இத்தனை நாளா அந்த உரலு செஞ்சுச்சு, நான் செய்யக் கூடாதா?"ன்னான். அவன் கண்ணுல தண்ணி, அவ கண்ணுலயும் தண்ணி. செருப்பை உதறிட்டு, மெள்ள அவன் தோள்ல காலை வச்சு இறங்கினா. நெட்டையன் 'ட்ரிங்'ன்னான்.

பழக்காரரு தராசை ஓரமா வச்சுட்டு, ரெண்டு கையாலயும் பேரீச்சம்பழத்தை அள்ளிக் குடத்துக்குள்ள போட்டாரு. "இரும்பு வேண்டாம் தாயி. என்னைக் கோயிலைச் சுத்த வச்சு புண்ணியம் தேடிக் குடுத்தியே, அதுக்கு"ன்னாரு.

மறுநாள் விடியக்காலையில பேச்சி கதவைத் தொறந்தா, வாசல்ல சண்முகையா நெட்டையனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான், அவ ஏறுறதுக்காக. எந்திரிச்சுட்டான் பாத்தியா! ஆனா நின்னுக்கிட்டே 'கொர்ர்ர்'...

ம்? ஏட்டி... ம் எங்க? சரி, சரி. உன் பங்குப் பழம் சமையக்கட்டுல இருக்கு, காலையில பல்லு வெளக்கிட்டுத் தின்னு. கதை வீடு வந்து சேந்துச்சு, சைக்கிள் சுவத்துல சாஞ்சுச்சு, நீயும் என் மேல சாஞ்சு தூங்கு.