மிளகுக் கிடங்கில் குடிபோன சங்குமுத்து

கொன்றைக்கோட்டையை ஆண்ட செண்பகராயருக்குச் சிரிக்க வேண்டும் என்று தோன்றினால் சங்குமுத்துவைக் கூப்பிட்டு அனுப்புவார். அரண்மனையில் அவ்வளவு செல்வாக்கு. வீட்டிலோ கால் நீட்ட இடமில்லை. ஒரே அறை, ஆறு பிள்ளைகள், ஏழாவது வயிற்றில். அடுத்ததை உறியில்தான் தூங்க வைக்க வேண்டும் என்று மனைவி பூரணவல்லி சொன்ன அன்றே அவர் ராஜாவிடம் போய் வீடு கேட்டார்.

கடைவீதியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கு பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. வியாபாரிகள் எல்லாரும் துறைமுகத்துப் பக்கம் போய்விட்டார்கள். அதை எடுத்துக்கொள் என்றார் ராஜா.

பிரதானி வைத்தியலிங்கருக்கு வயிறு எரிந்தது. அங்கே தன் குதிரைகளைக் கட்ட அவர் வெகுநாளாய்க் கண் வைத்திருந்தார். மகாராஜாவின் பாட்டனார் எழுப்பிய சுவரில் கண்டவர் கை வைக்கலாமா என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா தலையாட்டினார். பிரதானி தன் கையாலேயே ஆணை எழுதினார்: சுவரில் ஒரு செங்கல்லையும் பெயர்க்கக் கூடாது, புதிதாக ஜன்னல் வைக்கக் கூடாது, ஒரு மாதத்தில் குடிபோகாவிட்டால் கிடங்கு குதிரை லாயமாகும்.

சங்குமுத்து குடும்பத்தோடு பார்க்கப் போனார். ஒரே கதவு. உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. மிளகு நெடியில் ஆறு பிள்ளைகளும் வரிசையாகத் தும்மினார்கள்.

“இதுக்குள்ள பிள்ளை பெத்தா, ஆணா பொண்ணான்னு விளக்கு வச்சுத்தான் பார்க்கணும்” என்றாள் பூரணவல்லி. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. ஊரையே சிரிக்க வைக்கிறவர் பொழுது சாயும்வரை அந்தக் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் தச்சர்களோடு உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்தைந்து நாள் வேலை நடந்தது.

மாதம் முடிந்ததும் ராஜா பிரதானியோடு வந்தார். கதவைத் திறந்தால் கண் கூசியது. கிடங்கின் நடுவே வெயில் கொட்டும் முற்றம். அதைச் சுற்றிப் பலகைத் தடுப்பு வைத்த அறைகள். காற்று சுழன்று சுழன்று வந்தது, மிளகு நெடி போன இடம் தெரியவில்லை. தூணோரத் தொட்டிலில் ஏழாவது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

பிரதானி நாலு சுவரையும் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு செங்கல்கூட அசையவில்லை. பிறகுதான் அண்ணாந்து பார்த்தார். கூரையின் நடுப்பாகத்தையே காணோம். ஆணையை மீறிவிட்டான் என்று ராஜாவிடம் முறையிட்டார்.

ராஜாவின் முகம் இறுகியது. “சங்குமுத்து, என்ன இது?”

சங்குமுத்து கைகட்டி நின்றார். “மகாராஜா, சுவருக்குச் சுவர் பிரதானியாரின் ஆணை காவல் நின்றது. நான் கிட்டவே போகவில்லை. கூரைமேல் ஏறிப் பார்த்தேன். அங்கே காவலுக்கு யாருமே இல்லை.”

ராஜா சிரித்த சிரிப்பில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொண்டது. அன்று மாலையே அரண்மனையிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு தேக்கு ஊஞ்சல் வந்து சேர்ந்தது. சுமந்து வந்தவை பிரதானியின் குதிரைகள்.