ஒற்றை மண்வெட்டிக்கு ஒலித்த ஜெம்பே

ஜோலிபா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், மாண்டிங் மக்கள் வாழும் கெனியெபாலா என்னும் சிற்றூரில், சியாகா காந்தே என்றொரு கொல்லர் இருந்தார். ஊராரின் மண்வெட்டிகளை அடித்துக் கொடுப்பதும், மழுங்கியவற்றைத் தீட்டித் தருவதும் அவர் தொழில். உலைக்கரி படிந்த கைகளைக் கழுவிக்கொண்டு ஐந்து வேளையும் தொழுவார். தொழுது எழுந்தால் மறுபடியும் கரிதான். யாரிடமும் அதிகம் பேச மாட்டார். பேச வேண்டியதையெல்லாம் அவர் கைகள் ஜெம்பே என்னும் கைமுரசில் பேசிவிடும்.

அந்த மண்ணில் முரசு இல்லாமல் எதுவும் நடப்பதில்லை. பிள்ளைக்குப் பெயரிட ஒரு தாளம். கடைசிப் பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்ட தாய் எழுந்து ஆட ஒரு தாளம். அறுவடைக்கு இன்னொன்று. களை கொத்தும் மழைக்காலத்தில் ஐம்பது பேர் வரிசையாகக் குனிந்து நிற்க, முரசுக்காரர்கள் அவர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து வாசிப்பார்கள். அந்த அடிக்கு மண்வெட்டிகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும். இடுப்பு வலியும் வெயிலும் மறந்துபோகும். ஆனால் ஐம்பது பேரைக் கூட்டிச் சோறு போட வசதி உள்ளவர் வயலுக்குத்தான் முரசு போகும். ஆளில்லாதவர் நிலத்தில் ஒற்றை மண்வெட்டி மண்ணைக் கொத்தும் ஓசை மட்டுமே கேட்கும்.

அந்த ஓசைதான் சியாகாவைத் தூங்கவிடாமல் செய்தது. ஆண்டவன் தன் காதை அங்கேதான் வைத்திருக்கிறான் என்று அவர் நம்பினார். ஆகவே ஒரு நோன்பு பூண்டார். மழை விழுந்ததும் தன் முரசின் முதல் அடி, அந்த ஊரில் தனியாக நின்று கொத்துகிறவருக்கே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்காகவே ஒரு ஜெம்பே செய்தார். முரசுக்கு மரம் வெட்டும் முன் அடியில் கோலாக் கொட்டைகளை வைத்து மரத்திடம் மன்னிப்புக் கேட்பதும், யாருக்காக வெட்டுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்வதும் கொல்லர் வழக்கம். பெரும்பாலும் ஊர்த்தலைவர் பெயரைத்தான் சொல்வார்கள். சியாகா மரத்தின் மேல் கை வைத்து, "யாருமில்லாம தனியா நிக்கிறவங்களுக்காக உன்னைக் கேக்கிறேன்" என்றார். உடன் சென்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சொல்லோடுதான் மரம் விழுந்தது.

பதினெட்டு மழைக்காலம் அந்த நோன்பு நடந்தது. கால் ஊனமுற்ற ஒரு கிழவர், பிள்ளையில்லாத ஒருத்தி, ஊரார் ஒதுக்கிவைத்த ஒருவர் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது இருந்தார்கள். பெரிய வயல்களில் வாசித்தால் கிடைக்கும் கம்புத் தானியம் இங்கே கிடைக்காது. வீட்டில் குதிர் பாதிகூட நிறையாது. மனைவி கானி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஈரத்தில் தளர்ந்த முரசுத் தோலை வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்றித் தருவது அவள் வேலை. பிள்ளைகள் இல்லை. ஒரு மாசி மாதக் காய்ச்சலில் கானியும் போய்விட்டாள். அதன் பின் அவரே தீ மூட்டினார், அவரே முரசைக் காட்டினார்.

அந்நாளில் தனியாகக் கொத்திக்கொண்டிருந்தவள் பெந்தா என்னும் ஃபுலானி விதவை. அவள் பிள்ளைகள் தங்கம் தோண்டப் போனவர்கள், திரும்பவில்லை. மாடு மேய்க்கும் ஃபுலானிகளும் கொல்லர்களும் அங்கே கேலி முறை. பார்த்த இடத்தில் வையலாம், கோபப்படக் கூடாது. "கரிச்சட்டி, உன் மூஞ்சியைப் பாத்தா மழை திரும்பிப் போயிடும்" என்பாள் அவள். "மாட்டுக்காரிக்கு மண்ணைக் கொத்தவும் தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே அவர் வாசிக்கத் தொடங்குவார். ஆண்டு முழுவதும் அவரிடம் சிரித்துப் பேசியவள் அவள் ஒருத்திதான்.

ஓர் ஆண்டு மழை பிந்தியது. பெய்த மறுநாளே ஊர்த்தலைவர் ஃபாமோரி தம் வயலுக்கு ஆள் கூட்டினார். முரசுகளில் மூத்ததான சியாகாவின் ஜெம்பே வரவில்லை. தேடியபோது, அது பெந்தாவின் துண்டு நிலத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் பார்க்கத் தமக்கு அவமானம் நேர்ந்ததாக ஃபாமோரி எண்ணினார். மரம் ஊர்க் காட்டில் வெட்டியது, ஆகவே முரசு ஊருடையது என்று சபையில் தீர்ப்பாயிற்று. ஜெம்பே தலைவர் வீட்டுச் சுவர் முளையில் ஏறியது. வேறு கைகள் அதை வாசித்துப் பார்த்தன. ஈரப் பலகையைத் தட்டியது போலிருந்தது. அப்படியே மாட்டிவிட்டார்கள்.

அடுத்த மழைக்கு அடியார் சியாகா வெறுங்கையோடு நிற்கவில்லை. பாதியாக வெட்டிய பெரிய சுரைக்குடுவையில் நீர் நிரப்பி, அதன் மேல் சிறிய குடுவையைக் கவிழ்த்துத் தட்டுவது அங்கே பெண்கள் வாசிக்கும் வாத்தியம். அதைத் தலையில் சுமந்து, தளும்பத் தளும்ப பெந்தாவின் வயலுக்குப் போனார். வழியெல்லாம் ஏளனம். பெண்கள் உடுத்தும் துணியை எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் நீர் சிந்தாமல் நடப்பதிலேயே கவனமாக இருந்தார்.

அந்த ஆண்டு அறுவடை முடிந்ததும் பெந்தா நோயில் படுத்தாள். பார்க்கப் போனவரிடம், முதன்முறையாகக் கேலி இல்லாமல் கேட்டாள். "எல்லாருக்கும் வாசிச்சே. உனக்கு யாருய்யா வாசிப்பாங்க?"

"நான் வாசிச்சதை ஒருத்தன் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கான்" என்றார் அவர். "அது அவன் பாடு."

அவளையும் அடக்கம் செய்தாயிற்று. அடுத்த மழைக்குக் கெனியெபாலாவில் ஒற்றை மண்வெட்டி ஒன்றே ஒன்றுதான். அது சியாகாவினுடையது. கண்ணில் புரை விழுந்து, இரும்படிக்க முடியாமல் உலை அணைந்துவிட்டது. எஞ்சியது ஒரு சிறு கம்புக் கொல்லை. களை பயிரை மூடிக்கொண்டு வந்தது. வாரத்துக்குள் கொத்தாவிட்டால் அவ்வாண்டு சோறில்லை. இரண்டு நாள் கொத்திப் பார்த்தார். நாலடிக்கு ஒருமுறை கை சோர்ந்தது. தமக்குத் தாமே வாசித்துக்கொண்டு கொத்த யாராலும் முடியாது.

ஃபாமோரி வந்தார். கெட்டவர் அல்லர், தோற்கப் பழகாதவர். "பெரியவரே, இனிமே தலைவர் வயல்தான் முதல்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஐம்பது பேரும் நாளைக்கே உங்க கொல்லையில நிப்பாங்க."

அடியார் ஒரு களையைப் பிடுங்கி வரப்பில் போட்டார். "மரத்துக்கிட்ட ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிட்டேன் தலைவரே" என்றார். ஃபாமோரி எழுந்து போனார்.

மறுநாள் காலை தலைவர் வயலுக்கு ஆட்கள் கூடினார்கள். இரவெல்லாம் பெய்த மழையில் வைக்கோல் நனைந்து தீ பிடிக்கவில்லை. முரசுகள் எல்லாம் தொய்ந்து கிடந்தன. அப்போது மேற்கே ஒரு ஜெம்பே ஒலித்தது. தெளிவான, இறுகிய குரல். அந்தக் குரலை அறியாதவர் அந்த ஊரில் இல்லை. முரசுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் அங்கேயே நின்றார்கள்.

ஃபாமோரி வீட்டுக்குள் போனார். முரசு முளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தோலில் உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். இப்போதுதான் தீயிலிருந்து இறக்கியது போல் அது சுட்டது. ஒலியோ மேற்கே நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

முரசைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நடந்தார். ஐம்பது பேரும் பின்னால் போனார்கள். கொல்லையில் கிழவர் குனிந்து கொத்திக்கொண்டிருந்தார். மண்வெட்டி அடிக்கு அடி தவறாமல் எழுந்து விழுந்தது. பாதிக் கொல்லை சுத்தமாகியிருந்தது. அவர் எதிரே யாரும் இல்லை. ஒலி மட்டும், முரசுக்காரர் நடப்பது போலவே, வரிசைக்கு முன்னால் மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது.

காலடி கேட்டு அடியார் தலை நிமிர்ந்தார். "வந்திருக்கிறவரு நல்லா வாசிக்கிறாரு தலைவரே. எனக்குத்தான் முகம் தெரியல. நீங்களா அனுப்பி வெச்சீங்க?"

ஃபாமோரி முரசை வரப்பில் இறக்கி வைத்தார். பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, கிழவருக்கு அருகே வரிசையில் இறங்கிக் குனிந்து, முதல் கொத்துக் கொத்தினார்.

அந்தக் கணமே ஒலி நின்றது.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தனியாக நிற்பவருக்காகக் கேட்டு வாங்கிய மரம் அது. அவர் இனித் தனியாக இல்லை. ஐம்பது பேரும் இறங்கினார்கள். உச்சிப்பொழுதுக்குள் களை தீர்ந்தது. ஃபாமோரி ஜெம்பேயை எடுத்துவந்து கிழவரின் மடியில் வைத்தார். அவர் தோலைத் தடவிப் பார்த்தார். சூடு இன்னும் இருந்தது. கானி காய்ச்சித் தரும்போது இருக்கும் பதம். கண்ணீர் தாடியில் இறங்கியது.

"அக்கரையில தனியா ஒருத்தர் கொத்துறதாக் கேள்விப்பட்டேன்" என்றார். "யாராவது என்னைப் படகுல கொண்டுபோய் விடுங்க."

படகைத் தலைவரே ஓட்டிச் சென்றார். ஒருவரும் கேளாத ஓசைக்குத் தம் கைகளைக் கொடுத்து, ஆண்டவனையே தமக்கு வாசிக்க வரவழைத்த கொல்லரின் கரிபடிந்த பாதங்கள் வாழ்க.